குப்புறவா, நிமிர்த்தியா? பிரசவ வகுப்புகளின் கதை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையத்திலிருந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த நேரம் அக்கா ரெலிபோன் எடுத்தா. அவவின் மகளுக்கு இது ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவ ஆயத்த வகுப்புக்கு மகள் போய் வந்திருக்கிறாள். பிறக்கும் பிள்ளையை நிமிர்த்தித்தான் படுக்க வைக்க வேண்டும், குப்புறப் போட்டு நித்திரையாக்கக் கூடாது என்று அங்கே படிப்பித்திருக்கிறார்கள். மகள் அதை வந்து சொன்னதும் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இவளை நான் பெத்த நேரம் இவையள்தானே குப்புறப் போடச் சொன்னவை! அம்மா சொன்னதையும் கேளாமல் நான் இவையள் சொன்னபடி செய்தன். இப்ப தலைகீழாய்ச் சொல்லுகினம். நாளைக்கு இன்னொண்டு சொல்லுவினம். எதைத்தான் நம்புறது?"

நான் மருத்துவன் அல்லன். வர்த்தகம் படித்து, பிறருடைய கணக்கைப் பார்த்துச் சீவிக்கிறவன். ஆனால் அக்காவின் கேள்விக்கு மறுமொழி வரலாற்றில் இருப்பதாக எனக்குப் பட்டது. இந்த வகுப்புகள் எங்கிருந்து வந்தன, அங்கே சொல்லப்படும் பாடங்களை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடி வாசித்தேன். வாசித்ததில் பயனுள்ளவற்றை இந்த மாதப் பேச்சில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர்களில் முந்தி இதற்கென்று வகுப்பு இருந்ததில்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் மூத்தவளுக்குப் பிள்ளை பிறக்கும்போது இளையவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். மருத்துவிச்சி வருவதையும் போவதையும் பார்ப்பாள். 31 நாள் துடக்கு, சரக்குக்கறி, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிக்க வார்ப்பது எல்லாம் கண்ணால் கண்டு படித்தவை. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நிலைமை இதுதான். பிரசவம் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், இளம் குடும்பங்கள் சொந்தம் சுற்றத்தை விட்டுத் தூரப் போனபோதும்தான் வகுப்புத் தேவைப்பட்டது. அந்த வகையில் பார்த்தால், உலகத்திலேயே இந்த வகுப்பு மிகவும் தேவைப்பட்டவர்களில் அகதிகளாக வந்த நாங்களும் அடங்குவோம்.

எந்த வகுப்புக்குப் போனாலும் சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு: பிள்ளையைத் தூக்க முன்னம் கையைக் கழுவுங்கள். இது என்ன பெரிய பாடம் என்று நினைப்போம். இதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது.

1840களில் ஒஸ்ரியாவின் வியன்னா நகரப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவமாதுகள் பயின்றார்கள். 1846ஆம் ஆண்டு முதற்பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு 11 பேர் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 100க்கு 3 பேர்கூட இல்லை. இந்த வித்தியாசம் நகரத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சி அழுதார்கள். அதைப் பெண்களின் வீண்பயம் என்று தள்ளிவிடாமல் எண்ணிப் பார்த்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான ஒரு பேராசிரியர், பிரேத பரிசோதனையின்போது கத்தி கீறியதால் நஞ்சேறி இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவைபோலவே இருந்தன. மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குப் போகிறார்கள் என்பது செம்மல்வைசுக்கு அப்போதுதான் உறைத்தது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த மரணம் யூனில் 100க்கு இரண்டளவாக இறங்கியது.

இதற்குப் பிறகு அவரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மருத்துவர்களின் கையே தாய்மாரைக் கொன்றது என்பதைப் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். 1865இல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார்.

அதே 1847ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு அமெரிக்க மருத்துவர் வந்து இறங்கினார். சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். மோன்செல் என்பவருடைய பிரசவ வைத்திய நூல் அவருடைய முயற்சியால் 1857இல் தமிழில் வெளிவந்தது. பிள்ளைப்பேறு பற்றிய மேலைத்தேயப் பாடத்தை எங்கள் முன்னோர் தங்கள் மொழியிலேயே வாசித்திருக்கிறார்கள் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயினும் ஆண் மருத்துவர் பிரசவம் பார்ப்பதை எங்கள் பெண்கள் விரும்பவில்லை. பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. இதை வாசிக்கும் பலருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் இணுவில் என்ற பெயர் இருக்கும்.

அடுத்த பெரிய மாற்றம் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கே அமைந்தது. அந்த முறை மற்ற மாவட்டங்களுக்கும் பரவியபோது, பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் கர்ப்பிணிகளின் வீடு வீடாகப் போனார்கள். வகுப்பே படலைக்கு வந்தது என்று சொல்லலாம். இதன் பலனை எண்ணிக்கையில் பாருங்கள். 1930களில் இலங்கையில் 1 இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950 அளவில் அது 600க்குக் கீழே வந்தது. 2010களில் 40க்கும் கீழே. மலேரியாக் கட்டுப்பாடு, புதிய மருந்துகள், பெருகிய ஆஸ்பத்திரிகள், பெண்களின் கல்வி என்று காரணங்கள் பல. ஆனால் வீட்டுக்கு வந்து போன அந்த மருத்துவமாதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை எழுத முடியாது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகும், ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் பிள்ளைகளைக் கையேந்தினார்கள். அப்படிப் பிறந்தவர்கள் இன்று எங்கள் நேயர்களாக இருக்கிறார்கள்.

இனி நாங்கள் வாழும் இந்த நாட்டுக்கு வருவோம். பிரித்தானியாவும் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியாமல் தவித்த நாடுதான். 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த 1,000 பிள்ளைகளில் ஏறக்குறைய 150 பேர் ஒரு வயதைக் காணவில்லை. தென்னாபிரிக்காவில் நடந்த போவர் போருக்கு ஆள் சேர்த்தபோது, உடற்தகுதி இல்லையென்று ஏராளமான இளைஞர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அரசுக்குத் தாய்மாரின் நினைவு வந்தது. 1907இல் லண்டன் சென் பாங்கிராஸ் பகுதியில் தாய்மாருக்கென்று ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பாலூட்டல், குளிப்பாட்டல், உடுப்புத் தைத்தல் எல்லாம் படிப்பித்தார்கள். பாலூட்டும் ஏழைத் தாய்மாருக்கு மலிவு விலையில் சாப்பாடும் கொடுத்தார்கள். வயிறு காய்ந்திருக்கும் தாய்க்குப் பாடம் ஏறாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரசவ வலிக்கான வகுப்பு அதற்குப் பிறகு வந்தது. கிரான்ட்லி டிக்-றீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1933இல் ஒரு நூல் எழுதினார். பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மேலும் பயத்தைத் தருகிறது என்பது அவருடைய வாதம். ஆகவே என்ன நடக்கப் போகிறது என்று தாய்க்கு முன்கூட்டியே விளக்குங்கள், மூச்சைச் சீராக விடப் பழக்குங்கள் என்றார். எளிய வாழ்க்கை வாழும் சமூகங்களில் பெண்கள் நோவில்லாமல் பெறுகிறார்கள் என்றும் அவர் நம்பினார். இதை எங்கள் ஆச்சிமாரிடம் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த நம்பிக்கை பிழை. பயத்தைப் பற்றிச் சொன்னது பயனுள்ளது.

1951இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பெர்னான்ட் லமாஸ் சோவியத் நாட்டுக்குப் போய், அங்கே மருந்தின்றி மூச்சுப் பயிற்சியால் வலியைத் தாங்கும் முறையைக் கண்டு வந்தார். உலோகத் தொழிலாளர் சங்கம் பாரிசில் நடத்திய ஆஸ்பத்திரியில் அதைப் பழக்கினார். 1956இல் டிக்-றீட்டின் கருத்தால் ஈர்க்கப்பட்ட புறூனெலா பிறையன்ஸ் என்ற தாய் லண்டன் பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஒரு சங்கத்தைத் தொடக்கினார். அதுவே இன்று பிரித்தானியாவெங்கும் வகுப்பு நடத்தும் தேசிய பிரசவ அறக்கட்டளை. தொழிலாளரும் தாய்மாரும் கேட்டு வாங்கியவை இந்த வகுப்புகள்.

1999இல் நானும் மனைவியோடு ஒரு வகுப்புக்குப் போனேன். ஆண்களுக்கு அங்கே என்ன வேலை என்று கூச்சத்தோடுதான் போனேன். தலையணையோடு நிலத்தில் இருத்தி, மனைவியின் முதுகை எப்படித் தேய்ப்பது என்று காட்டினார்கள். அன்று கற்ற பாடங்களில் பிரசவ அறையில் எனக்கு உதவியது ஒன்றுதான். நோ வரும்போது அவளுடன் சேர்ந்து மூச்சை மெல்ல வெளியே விடுவது. அதனால் வலி மறையாது. ஆனால் பதறிக்கொண்டு நிற்கும் கணவன் வலியைக் கூட்டாமலிருக்க அது உதவும். வலி மருந்து வேண்டுமென்றால் கேட்டு வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை என்றும் அந்த மருத்துவமாது சொன்னார். அதுவும் நல்ல பாடம்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம்.

அவவின் மகள் பிறந்தது 1990 சனவரியில். நான் அப்போது இந்த நாட்டுக்கு வந்து அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். பிள்ளையைக் குப்புறப் போடும்படி கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அக்கா அதைக் கடிதத்தில் எழுதினா. அம்மாவின் மறுமொழி வந்து சேர ஒன்றரை மாதம் சென்றது. பிள்ளையை நிமிர்த்திப் போடு, பக்கத்திலேயே வைத்திரு என்று எழுதியிருந்தா. அக்கா அதை வாசித்துவிட்டு, "அம்மாவுக்கு இந்த நாட்டு விசயம் விளங்காது" என்று மடித்து வைத்தா.

குப்புறப் போடும் ஆலோசனை எங்கிருந்து வந்தது? நிமிர்ந்து படுக்கும் பிள்ளை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும் என்ற எண்ணத்திலிருந்து. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக்கின் பிள்ளை வளர்ப்பு நூல் உலகமெங்கும் விற்பனையானது. அதன் 1958ஆம் ஆண்டுப் பதிப்பும் குப்புறப் போடவே சொன்னது. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஆனால் உண்மையா என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்ன ஆலோசனை அல்ல அது.

எண்ணியவர்கள் பிறகு வந்தார்கள். நலமாயிருந்த பிள்ளை நித்திரையிலேயே இறந்துபோகும் தொட்டில் மரணம் ஹொங்கொங்கில் மிக அரிது என்று 1985இல் ஒரு மருத்துவர் எழுதினார். அங்கே சீனத் தாய்மார் பிள்ளைகளை நிமிர்த்தியே படுக்க வைத்தார்கள். பிரித்தானியாவிலேயே, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்த மரணம் குறைவாக இருந்தது. 1987இல் நெதர்லாந்து தன் ஆலோசனையை மாற்றியது. பிரிஸ்டல் பகுதியில் பீற்றர் பிளெமிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு, குப்புறப் படுப்பதில் உள்ள ஆபத்தை 1990இல் தெளிவாகக் காட்டியது. 1991இல் தன் ஆண்குழந்தையைத் தொட்டில் மரணத்தில் பறிகொடுத்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட், பிற தாய்மாருக்கு இதைச் சொல்லியே தீர வேண்டும் என்று நின்றார். அந்த ஆண்டின் இறுதியில் நாடளாவிய பிரசாரம் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளிலேயே அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

ஒரு மருந்தும் புதிதாக வரவில்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

2005இல் சில ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 1970அளவிலேயே கைவசமிருந்த தகவல்களைத் தொகுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றும், பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப்போல நெஞ்சை வருத்தும் கணக்காய்வு அறிக்கையை நான் வாசித்ததில்லை.

ஆகவே அக்கா சொன்னது பொய்யில்லை. அவவுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை பிழையானது. அம்மா எழுதியது சரியானது. அக்கா விட்டுவிட்ட ஒன்றும் உண்டு. முதல் ஆலோசனை எண்ணாமல் சொன்னது. இரண்டாவது எண்ணிச் சொன்னது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அப்படியானால் ஆச்சிமார் சொன்னதெல்லாம் சரியென்று ஆகிவிடுமா? ஆகாது. அவர்களுடைய பேரேட்டிலும் இரண்டு பக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடம்பைத் தளர்த்திவிடும் என்பது 1976க்குப் பிறகே தெரியவந்தது. ஆகவே ஒரு வயதுவரை தேன் கூடாது. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து ஊற்றிவிடுவார்கள். அதுவே பிள்ளைக்கு முதற் காவல். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாம். தொப்புளில் எதையும் பூசக் கூடாது. சில கண்மைகளில் ஈயம் இருப்பதால் அதையும் விடுவது நல்லது. எங்கள் ஏணையில் பிள்ளை நிமிர்ந்துதான் கிடக்கும். ஆனாலும் இன்று சொல்லப்படுவது உறுதியான, தட்டையான மெத்தை. தலையணையும் பஞ்சுப் போர்வையும் இல்லாமல், முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, தனித் தொட்டிலில். பக்கத்தில் வைத்திரு என்று அம்மா எழுதியதும் இதில் அடங்கிவிட்டது. வீட்டில் புகை பிடிக்கவும் கூடாது. ஆண்களே, இது எங்களுக்கான வரி.

நல்ல பாடம் ஏழை நாடுகளிலிருந்தும் வரும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கக் கருவிகள் போதவில்லை. எட்கார் றே என்ற மருத்துவர், பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. இன்று பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளும் பிறந்த பிள்ளையை முதலில் தாயின் நெஞ்சில் போடுகின்றன.

கடைசியாக ஒன்று. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1987இல் எடின்பரோவில் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார்கள். பிள்ளை பெற்ற தாயிடம் கடந்த ஏழு நாளில் அவளுடைய மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் 10 கேள்விகள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் கொக்ஸ், அதற்கு முன்னர் உகண்டாவில் தாய்மாரின் மனநிலையை ஆராய்ந்தவர். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய், கேட்டால்தான் வெளியே வரும் என்பதே அதன் பாடம்.

எங்கள் 31 நாளை நினைத்துப் பாருங்கள். துடக்கு என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் தாய் அடுப்படிப் பக்கம் போக வேண்டியதில்லை. இரவில் பிள்ளை அழுதால் தூக்க நாலு கை இருந்தது. இங்கே 1990இல் அக்காவுக்கு அந்த நாலு கை இல்லை. அத்தான் இரவு வேலை. நான் படிப்பென்று ஓடித்திரிந்தேன். அவ குசினியில் நின்று சத்தமில்லாமல் அழுததை ஓரிரு முறை கண்டிருக்கிறேன். ஊர் நினைவு என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த 10 கேள்விகளில் ஒன்றையாவது நான் கேட்டிருக்கலாம்.

எங்கள் சமூகத்தில் எத்தனை தாய்மார், போரிலே உறவுகளை இழந்து வந்து, அந்நிய மொழி பேசும் ஆஸ்பத்திரியில் தனியே பிள்ளை பெற்றார்கள். "நலமா?" என்று தாதி கேட்டபோது "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அது நடக்கக் கூடாது. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கணவரை அனுப்புங்கள். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்பில் கேட்ட புதிய பாடத்தை, வீட்டில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கப் போகிறவர் நேரே கேட்பது எவ்வளவோ நல்லது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா. பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அம்மாவின்ரை கடிதம் இப்பவும் என்னட்டைக் கிடக்குது" என்றா. அடுத்த வகுப்பு புதன்கிழமை பின்னேரம். மகளோடு தானும் போகப் போவதாகச் சொன்னா. சரக்குக்கறித் தூளை இப்போதே இடித்து வைத்துவிட்டாவாம். அதை வேண்டாமென்று எந்த வகுப்பும் சொல்லாது என்பது அவவின் நம்பிக்கை.